புளிப்பு குற்றமா, குணமா?

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அண்டர்லெக்ட் என்னும் பகுதியில், 1900ஆம் ஆண்டில் தோன்றி இன்றளவும் தன் பழைய முறைகளை விடாமல் நடந்துவரும் காந்தியோன் என்ற சிறிய பீர் ஆலைக்குள், நவீன ஆலையொன்றில் பழகித் தேர்ந்த பொறியாளர் யாரையேனும் அழைத்துச் சென்றால், அவர் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுகாதார அதிகாரியைத் தேடுவார் என்றே நினைக்கிறேன். உத்தரங்களில் நூலாம்படை தொங்குகிறது. அதை ஒருவரும் கலைப்பதில்லை. பீப்பாய்களை மொய்க்க வரும் ஈக்களைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள் அங்கே சம்பளமில்லாத ஊழியர்கள். கூரைக்கு அடியில், செம்புத் தகட்டால் செய்த, அகன்ற, ஆழமற்ற தொட்டியொன்று கிடக்கிறது. கொதித்து இறங்கிய தானியச் சாற்றை அதில் நிரப்பி, மூடாமல், காற்று தாராளமாக நுழையும்படி விட்டு, குளிர்கால இரவு முழுவதும் ஆற வைக்கிறார்கள். மற்ற ஆலைகளில் எதைத் தடுப்பதற்காக லட்சக்கணக்கில் செலவழித்து எஃகுக் குழாய்களும் வடிகட்டிகளும் அமைத்திருக்கிறார்களோ, அந்தக் காற்றில் திரியும் நுண்ணுயிர்களை இங்கே விருந்தாளிகளாக வரவேற்கிறார்கள்.

பீர் என்பது விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரே வஸ்து. மஞ்சள் நிறம், வெள்ளை நுரை, சில்லென்ற கசப்பு, அவ்வளவுதான். இந்தச் சித்திரம் பொய்யல்ல. ஆனால் அது ஒரு குடும்பத்தின் சித்திரம் மாத்திரமே. 1842ஆம் ஆண்டு பொஹீமியாவின் பில்சென் நகரத்தில் ஜோசப் குரோல் என்ற பவேரியர் முதன்முதலாக வடித்த பொன்னிறப் பீரின் சந்ததிதான் இன்று உலகத்தில் பெரும்பகுதி விற்பனையாகிறது; நம் நாட்டுக் கடைகளில் விற்கும் புட்டிகளிலும் பெரும்பாலானவை அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. முளை கட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்து, சர்க்கரையைச் சாராயமாக மாற்றும் ஈஸ்ட் ஆகிய நான்கும்தான் மூலப்பொருள்கள். குளிர்ச்சியில் மெல்ல வேலை செய்யும் ஈஸ்டைப் போட்டால் லாகர் என்றும், சற்று வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாக வேலை செய்யும் ஈஸ்டைப் போட்டால் ஏல் என்றும் இரண்டு பெரிய கிளைகள் உண்டாகின்றன. ஈஸ்டை மனிதன் போடாமலே விட்டுவிட்டால் உண்டாவது மூன்றாவது கிளை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் நதிப் பள்ளத்தாக்கின் லாம்பிக் அதைச் சேர்ந்தது.

லாம்பிக் தயாரிப்பில் எல்லாமே தலைகீழ். மற்றவர்கள் புதிய ஹாப்ஸைத் தேடி அலையும்போது இவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகள் பழசாகி வாசனை போன ஹாப்ஸைத் தேடுகிறார்கள். கசப்பு வேண்டாம், கெட்டுப்போகாமல் காக்கும் சக்தி மட்டும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முளை கட்டாத கோதுமையை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேர்க்கிறார்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் மட்டுமே வடிக்கிறார்கள், வெயில் காலக் காற்றில் வரும் கிருமிகள் நம்பத்தகுந்தவை அல்ல என்பதனால். பீப்பாய்க்குள் போன சாற்றில் முதலில் சில முரட்டு பாக்டீரியாக்கள் ஆட்டம் போட்டு ஓய, பிறகு வழக்கமான ஈஸ்ட் வந்து சர்க்கரையைத் தின்று முடிக்க, அடுத்து லாக்டிக் அமிலம் செய்யும் ஜீவராசிகள் மாதக்கணக்கில் குடியிருந்து புளிப்பேற்ற, கடைசியாகப் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மிச்சம் மீதியை எல்லாம் செரித்து, பழைய தோல், வைக்கோல், தொழுவம் ஆகியவற்றை நினைவூட்டும் ஒரு விநோத மணத்தை அதற்குக் கொடுக்கிறது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால், இளையதில் எஞ்சிய சர்க்கரை புட்டிக்குள் மறுபடியும் நொதித்து, ஷாம்பேனைப் போலப் பொங்கும் க்யூஸ் ஆகிறது. புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்தால் கிரீக் ஆகிறது.

கலக்குகிறவரின் திறமையே இதில் முக்கால் பங்கு. பேர்செல் என்ற சிற்றூரில் திரீ ஃபோன்டைனன் ஆலையை நடத்திவந்த அர்மான் டெபெல்டெர் அத்தகைய கலைஞர். 2009இல் அவருடைய கிடங்கில் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி பழுதாகி, ஓர் இரவில் உள்ளே அடுப்பு மாதிரி சூடு ஏறியதால், பல்லாயிரக்கணக்கான புட்டிகள் வெடித்தும் கெட்டும் நாசமாயின. வேறொருவராயிருந்தால் கடையைக் கட்டியிருப்பார். அவர் கெட்டுப்போன லாம்பிக்கைக் காய்ச்சி வடித்து ஒரு சாராயமாக்கி விற்று ஆலையை மீட்டெடுத்தார். 2022இல் அவர் காலமானபோது, சுவைஞர்கள் ஒரு சங்கீத வித்துவானுக்குச் செலுத்துவது போன்ற அஞ்சலியைச் செலுத்தினார்கள்.

இந்த க்யூஸை, பில்சென் வம்சத்துப் பீரை மட்டுமே அறிந்த ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்தால் என்ன சொல்வார்? புளிக்கிறது, நாறுகிறது, கெட்டுப்போயிற்று என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்த பீரில் இந்த மூன்றும் கண்டிப்பாகக் குற்றங்களே. அவர் ஊர் ஆலையில் அந்தப் புளிப்பில் நூற்றில் ஒரு பங்கு தலைகாட்டினாலும் பீப்பாய் முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். ஆயினும் அவருடைய தீர்ப்பு தவறு. முகாரியைக் கேட்டுவிட்டு இதில் மோகனத்தின் உல்லாசம் இல்லையே என்று குறைப்படுகிறவர் செய்கிற தவறுதான் அது. பீரைச் சுவைத்து மதிப்புரை எழுதுகிற வித்தையில் உள்ள சிரமம் எல்லாம் இந்த ஒரு முடிச்சில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நன்றாயிருக்கிறதா என்ற கேள்வி பிந்தி வருவது. இது என்னவாக இருக்க முயல்கிறது என்ற கேள்வி முந்தி வரவேண்டும்.

பவேரியாவின் கோதுமைப் பீரை மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் எழும். அதில் வாழையும் இல்லை, கிராம்பும் இல்லை. அந்த ரகத்துக்கு உரிய ஈஸ்ட் தன் ஜீவனத்தின் உபபொருளாக இரண்டு ரசாயனங்களைச் செய்துவிடுகிறது, அவ்வளவே. அங்கே அது லட்சணம். அதே வாழைப்பழ வாசனை ஒரு லாகரில் வந்தால், நொதிக்கும்போது தொட்டி சூடாகிவிட்டது என்பதற்குச் சாட்சி. வெண்ணெய் வாசனையைத் தரும் டயசிட்டைல் என்ற பொருளைச் செக் நாட்டார் தங்கள் பில்ஸ்னரில் சிறிதளவு விரும்பியே ஏற்கிறார்கள். எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் போனால் அதற்கு மன்னிப்பு இல்லை. கலங்கலாக இருப்பது கோதுமைப் பீருக்கு அழகு, பில்ஸ்னருக்கு அவமானம்.

இப்படிச் சொல்வதனால் குற்றமே கிடையாது, எல்லாம் பார்வையைப் பொறுத்தது என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. வெளிச்சம் பட்ட பீர் எந்த ரகமாயினும் கெட்டதே. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளியினால் சிதைந்து, ஸ்கங்க் என்ற மிருகம் பதுங்கிய இடம் போன்ற ஒரு நாற்றத்தை உண்டாக்குகின்றன. பச்சைப் புட்டியும் வெள்ளைப் புட்டியும் ஒளியைத் தடுக்கமாட்டா, பழுப்புப் புட்டி ஓரளவு தடுக்கும். காற்றுப் பட்டுப் பழசான இளம் பீரில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வரும். அதற்கும் எந்தச் சம்பிரதாயத்திலும் ஆதரவு கிடையாது.

சுவைக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். கண்ணாடிக் குவளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்கவேண்டும். பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, குமிழிகள் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு நின்று ஊற்றியவரின் சுத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உறையும் குளிர்ச்சியில் கொடுத்தால் நாக்கு மரத்துப்போகும், மணம் எழாது. மலிவான பீரைப் பனிக்கட்டிக் குளிரில் குடிக்கச் சொல்லும் விளம்பரங்களின் அந்தரங்கம் இதுதான் என்று சந்தேகிக்க இடமுண்டு. லாகரை ஐந்தாறு டிகிரியிலும், க்யூஸையும் மடாலய ஏல்களையும் பத்து முதல் பதினான்கு டிகிரியிலும் அருந்துவது வழக்கம். ஊற்றியவுடன் முதலில் முகரவேண்டும், ஏனெனில் மெல்லிய வாசனைகள் ஓரிரு நிமிஷத்தில் பறந்துவிடும். பிறகு நிறம், தெளிவு, நுரையின் ஆயுள். அதன்பின் ஒரு வாய். திராட்சை மதுவைப் பரீட்சிப்பவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். பீரைப் பரீட்சிப்பவர்கள் விழுங்குகிறார்கள். கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு கௌரவமாக விடைபெறுகிறது என்பது விழுங்கிய பிறகே தெரியும் என்று காரணம் கூறுகிறார்கள். நியாயமான காரணம்தான், சௌகரியமான காரணமும்கூட. குடிக்கிறவன் வேறு, சுவைக்கிறவன் வேறு என்று வாதாட நான் முன்வரவில்லை, 11.3 சதவிகிதச் சாராயம் கொண்ட ரோஷ்ஃபோர் மடத்தின் பத்தாம் எண் பீர் இருவரையும் ஒரே மாதிரிதான் தள்ளாட வைக்கும். போட்டிகளில் நீதிபதிகளுக்குச் சிறு குவளையில் கொஞ்சமே ஊற்றுவதும் இதனால்தான்.

இந்த நீதிபதிகளுக்கு ஒரு சாஸ்திரமும் இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் நீதிபதிகள் சான்றளிப்பு அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் மிருதுவுக்கும் 5, ஒட்டுமொத்தமான திருப்திக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனிக்கவேண்டும். தங்க நிறத்தையும் நுரை மலையையும் காட்டியே உலகெங்கும் பீர் விற்கிறார்கள். ஆனால் விஷயம் அறிந்தவர்களுடைய தராசில் அதற்கு இவ்வளவுதான் எடை. இதற்கு முன்பே, 1970களில், மோர்ட்டென் மைல்கார்ட் என்ற விஞ்ஞானி பீரில் தோன்றக்கூடிய மணங்களையும் சுவைகளையும் எல்லாம் ஒரு சக்கரமாக வரைந்து, ஆலைக்கு ஆலை வேறு பாஷை பேசிக்கொண்டிருந்த ரசாயனிகளுக்குப் பொது அகராதி ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தார்.

ஆனால் பொது ஜனங்களுக்கு இந்த அகராதியைக் கற்றுக்கொடுத்தவர் விஞ்ஞானி அல்லர், பத்திரிகைக்காரர். மைக்கேல் ஜாக்சன் என்று பெயர். பாடகர் அல்லர், அந்தப் பெயரைச் சொன்னவுடன் எழும் சிரிப்பைத் தம் கூட்டங்களில் அவரே முந்திக்கொண்டு உண்டாக்கிவிடுவார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாகாணத்தில் 1942இல் பிறந்த இவர், 1977இல் வெளியிட்ட உலகப் பீர் வழிகாட்டி நூலில்தான், பீரை நாட்டுவாரியாகவோ கம்பெனிவாரியாகவோ பார்க்காமல், ரகவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியது. திராட்சை மதுவைப் பற்றி மூன்று நூற்றாண்டுகளாக மேன்மக்கள் பேசிவந்த கண்ணியமான தோரணையில், தொழிலாளியின் பானம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பீரைப் பற்றியும் பேசலாம் என்று அவர் காட்டினார். 1991இல் பெல்ஜியத்தின் பீர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதற்குள் அமெரிக்காவில் வீட்டில் பீர் வடிப்பதற்குச் சட்டத் தடை நீங்கி, சிறுசிறு ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றை நடத்திய வாலிபர்களில் பலர் பெல்ஜியத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பு அவருடைய பக்கங்களில்தான் பார்த்தார்கள். அழிந்துபோகும் தறுவாயில் இருந்த சில ரகங்கள், அவர் எழுதியதனாலேயே வெளிநாட்டில் கிராக்கி ஏற்பட்டுப் பிழைத்துக்கொண்டன. ஹைனோ மாகாணத்து டூர்ப் கிராமத்தில் டூபோன் ஆலை வடிக்கும் சேசோன் என்ற பண்ணைப் பீர் அவற்றுள் ஒன்று: குளிர்காலத்தில் வடித்து வைத்து, கோடையில் வயலில் வேலை செய்யும் கூலியாட்களுக்கு ஊற்றுவதற்காகத் தோன்றிய, மிளகுக் காரமும் வறட்சியும் கொண்ட, தாகத்துக்கு உகந்த பானம்.

மதிப்புரை எழுதுகிறவர் தம் வீட்டு அடுக்களையிலிருந்துதான் உவமானம் எடுக்கமுடியும். பிரெட்டனோமைசிஸின் மணத்தைக் குதிரைப் போர்வை என்று ஆங்கிலேயர் எழுதுவதை, குதிரையை ஊர்வலத்தில் மட்டுமே பார்த்த நம்மவர் படித்து என்ன செய்வது? மாறாக, ரோஷ்ஃபோர் மடத்தின் கரிய பீரில் அவர்கள் உலர்ந்த அத்தி, கரிந்த சர்க்கரை என்று தடவித் தடவிச் சொல்வதை நம்மில் எவரும் ஒரே மூச்சில் கருப்பட்டிப் பாகு என்று சொல்லிவிடலாம். ரூசெலார் நகரத்து ரோடன்பாக் ஆலையின் செந்நிறப் பீர், ராட்சத ஓக் மரத் தொட்டிகளில் இரண்டு ஆண்டுகள் கிடந்து, வினிகரும் பழமும் சேர்ந்த ஒரு புளிப்பை அடைகிறது. அந்த ஆலையின் உயர்ந்த தயாரிப்பில் முதிர்ந்தது இரண்டு பங்கு, இளையது ஒரு பங்கு. புளியில்லாமல் ஒரு நாள் உணவு செல்லாத தேசத்தில் பிறந்தவர்களுக்கு இத்தகைய பீர்கள் மேனாட்டாரைக் காட்டிலும் சுலபமாகப் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது. புளிப்பிலேயே கூர்மையானது, வட்டமானது, தாமதித்து வருவது என்று பேதம் காணும் நாக்கு நமக்குப் பரம்பரைச் சொத்து.

கொத்தமல்லி விதையும் இந்தக் கதையில் வருகிறது. ஹூகார்டன் என்ற ஊரின் வெண்மையான கோதுமைப் பீர் பல நூற்றாண்டுப் புகழ் வாய்ந்தது. ஆனால் பொன்னிற லாகரின் வெள்ளத்தில் 1950களில் கடைசி ஆலையும் மூடப்பட்டு, அந்த ரகமே மறைந்துபோயிற்று. அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்து, சிறுவயதில் அங்கே எடுபிடி வேலையும் செய்திருந்த பால்காரர் பியேர் செலிஸ், ஊர்க் கிழவர்கள் அந்தப் பழைய பீரை நினைத்து ஏங்குவதைக் கேட்டுக் கேட்டு, 1966இல் தாமே அதை வடிக்கத் தொடங்கினார். கொத்தமல்லி விதையும் கசப்பு நாரத்தையின் உலர்ந்த தோலும் அதன் விசேஷம். 1985இல் ஆலை தீப்பற்றியது. மீண்டும் கட்டப் பணம் கொடுத்த பெரிய கம்பெனியின் கைக்கு ஆலையும் போயிற்று. கிழவர் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்துக்குப் போய் 1992இல் அதே பீரை மறுபடியும் தொடங்கினார். இன்று உலகத்தில் எங்கே இந்த ரகத்தை வடித்தாலும் அது அவருடைய ஞாபகத்திலிருந்து வந்ததுதான். இந்த ரகத்தைப் பரீட்சிக்கும்போது ஒரு கட்டளை சொல்வார்கள்: கொத்தமல்லி தனியாகத் தெரிந்தால் தோல்வி. ரசம் வைக்கும் கை அறிந்த யாருக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

பெல்ஜியப் பீர்களில் பல ஏன் இவ்வளவு காட்டமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை, விசித்திரமாக, ஒரு மதுவிலக்குச் சட்டத்தில் இருக்கிறது. 1919இல் எமில் வாண்டர்வெல்டே என்ற சோஷலிஸ்ட் மந்திரி, தொழிலாளர்களை ஜின் என்ற சாராயத்திலிருந்து காப்பாற்றும் பொருட்டு, விடுதிகளில் சாராய வகைகளை விற்பதற்குத் தடை கொண்டுவந்தார். பீர் அந்தத் தடைக்கு உட்படவில்லை. உடனே ஆலைகள் எட்டு, ஒன்பது சதவிகிதம் வலிமையுள்ள பீர்களை வடித்து அந்த இடத்தை நிரப்ப ஆரம்பித்தன. அந்தச் சட்டம் 1980கள் வரையில் இருந்தது; அதனால் தோன்றிய பீர்கள் சட்டம் போன பிறகும் இருக்கின்றன. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் 1934இல் வெளியிட்ட டிரிப்பெல், பொன்னிறமும் 9.5 சதவிகித வலிமையும் கொண்டு, பார்வைக்குச் சாது போலவும் பழகினால் மல்லன் போலவும் இருப்பது. அந்தப் பெயரைத் தாங்கிப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பீர்களுக்கு அதுவே அளவுகோல்.

துறவிகள் பீர் வடிப்பது நமக்குப் புதுமையாக இருக்கலாம். டிராப்பிஸ்ட் சபையினர் தங்கள் கையுழைப்பால் ஜீவிக்கவேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆகவே சிலர் பாலடைக்கட்டி செய்கிறார்கள், சிலர் பீர் வடிக்கிறார்கள். 1997இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, மடத்தின் மதிலுக்குள்ளேயே, துறவிகளின் மேற்பார்வையில், லாபம் மடத்தின் ஜீவனத்துக்கும் தர்மத்துக்குமே போகும்படி செய்யப்படும் பொருளுக்கு மட்டும் ஓர் அறுகோண முத்திரை தருகிறார்கள். ஆகேல் என்ற மடத்தில் துறவிகளே இல்லாமற்போகவே, 2021இல் அதன் பீர் முத்திரையை இழந்தது. பீரின் ருசி ஒன்றும் மாறிவிடவில்லை. முத்திரை சுவைக்கு அல்ல, வாழ்க்கை முறைக்கு என்பது இதனால் நன்றாகத் தெளிவாகும். ஆயினும் புட்டியைக் கையில் எடுக்கும் ரசிகர்களில் பாதிப் பேர் முத்திரையையே ருசிக்கிறார்கள்.

இந்த மயக்கத்தின் உச்சம் வெஸ்ட்ஃபிளீட்டெரன். பிரெஞ்சு எல்லைக்குச் சமீபத்தில், ஹாப்ஸ் தோட்டங்களுக்கு நடுவே உள்ள புனித சிக்ஸ்டஸ் மடத்தின் பன்னிரண்டாம் எண் பீரை, 2005இல் உலகத்து ரசிகர்கள் வாக்களித்துத் தயாரித்த பட்டியல் ஒன்று முதலிடத்தில் வைத்தது. உடனே மடத்து வாசலில் கார்கள் மைல் கணக்கில் வரிசை கட்டின. துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை, விலையை ஏற்றவில்லை, முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து, அளவோடு வாங்கிப்போகவேண்டும், மறுவிற்பனை செய்யக்கூடாது என்றார்கள். கிடைப்பது அரிதாக அரிதாகப் புகழ் இன்னும் ஏறியது. இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்றுண்டு. 1946 முதல் 1992 வரையில் இந்த மடத்தின் பெயரால் பீர் வடிக்கும் உரிமையைப் பெற்றிருந்தது, அருகிலுள்ள வாட்டூ கிராமத்தின் ஓர் ஆலை. உரிமை முடிந்தபின் அதே ஆலை செயின்ட் பெர்னார்டஸ் என்ற பெயரில் ஏறக்குறைய அதே சாயலில் வடித்துக் கடைகளில் தாராளமாக விற்கிறது. பெயரை மறைத்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், உறுதியாக இன்னது இன்னது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வரிசையில் நின்றவர்களின் தொகையைவிட அவர்களின் தொகை மிகமிகக் குறைவாகவே இருக்கும். இரண்டுமே உயர்ந்த பீர்கள். ஒன்றுக்கு முதலிடம் கிடைத்தது நாக்கினால் மட்டும் அல்ல என்பதே நான் சொல்ல வருவது.

ரகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று இவ்வளவு தூரம் வற்புறுத்திவிட்டு, அந்த நியாயத்துக்கு அடங்காத ஒரு சாட்சியையும் அழைக்கவேண்டியிருக்கிறது. பெல்ஜியத்தின் தென்கோடியில், காட்டுக்கு நடுவே, பிரெஞ்சுப் புரட்சியின்போது தகர்க்கப்பட்ட ஓர்வால் மடத்தை மீண்டும் எழுப்பப் பணம் வேண்டி, 1931இல் அங்கே ஓர் ஆலை தொடங்கினார்கள். மோதிரத்தைக் கவ்விய மீன் அதன் சின்னம். மாட்டில்டா என்ற பிரபுப் பெண் ஊற்றில் தவறவிட்ட மோதிரத்தை ஒரு மீன் கொண்டுவந்து கொடுத்ததாக ஸ்தல புராணம். மற்ற மடங்கள் இனிமையும் கருமையுமாகப் பலவகை வடிக்க, ஓர்வால் வெளியே விற்பது ஒன்றே ஒன்று: செம்பொன் நிறம், 6.2 சதவிகிதம், ஆங்கிலேயர் பாணியில் நொதித்த பிறகும் பச்சையாக ஹாப்ஸைப் போட்டு ஊறவைத்த நறுமணம். அதன்மேல், புட்டியில் அடைக்கும்போது வேண்டுமென்றே பிரெட்டனோமைசிஸ் ஈஸ்டைச் சேர்த்துவிடுகிறார்கள். இந்தக் காட்டு ஈஸ்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிச் சாலையில் 1883இல் எமில் ஹான்ஸன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டைப் பிரித்தெடுத்து, உலகத்துப் பீர் ஆலைகளில் இருந்து காட்டு ஈஸ்டை எல்லாம் துரத்துவதற்கு வழி காட்டினார். அதே கார்ல்ஸ்பெர்க் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கிளவுஸன் என்பவர்தான் 1904இல், முதிர்ந்த ஆங்கிலப் பீர்களின் தனிச்சுவைக்குக் காரணமே இதுதான் என்று சொல்லிப் பிரெட்டனோமைசிஸுக்குப் பெயரும் வைத்தார்.

ஓர்வாலை எந்த ரகத்தில் சேர்ப்பது? மடாலயப் பீர் என்றால் அதன் கசப்பு இடிக்கிறது. ஆங்கில ஏல் என்றால் அதன் தொழுவ மணம் இடிக்கிறது. லாம்பிக்கின் உறவு என்றால் புளிப்பு போதவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களை வரையறுத்துவைத்திருக்கும் அமெரிக்க நீதிபதிகள்கூட அதைத் தனித்த ரகங்களின் வரிசையில் சேர்க்காமல், எதிலும் அடங்காதவற்றுக்கென்று வைத்த பிரிவில் உதாரணமாகக் காட்டுகிறார்கள். ஜாக்சனுடைய வகுப்பு முறை, பெல்ஜியத்துக்கு வெளியே இருந்து வந்த ஒருவர் தம் வசதிக்காகப் போட்ட பேரேடு. அந்த ஊர் ஆலைக்காரர்களில் பலர் தம் தகப்பனார் வடித்தபடி வடித்தார்களேயன்றி, ரகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வடிக்கவில்லை. 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை மானிட மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றபோதும், எந்த ரகத்தையும் தனித்து ஏற்கவில்லை. அதைச் செய்து, ஊற்றி, கூடியிருந்து அருந்தும் வழக்கம் முழுவதையுமே ஏற்றது.

ரகம் கிடைக்காதது மட்டுமல்ல, ஓர்வாலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மடத்திலிருந்து புறப்பட்ட புதிதில் அது ஹாப்ஸின் பூமணமும் பளிச்சென்ற கசப்புமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் ஹாப்ஸ் அடங்கி, தோலும் வைக்கோலும் தலையெடுக்கின்றன; ஓராண்டு தாண்டினால் இனிமை அறவே வற்றி, சுண்டிய எலுமிச்சைத் தோலைப் போன்ற ஒரு வறட்சி மிஞ்சுகிறது. எந்தப் பருவத்து ஓர்வாலுக்கு மதிப்பெண் போடுவது? இளசுக்கு முப்பத்தைந்து போட்டவரும் முதிர்ந்ததற்கு நாற்பத்தைந்து போட்டவரும் சண்டைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே சீட்டு, ஒரே மீன், ஆனால் அவர்கள் குடித்தது ஒரே பீர் அல்ல. அச்சிட்ட மதிப்பெண் தாளில், புட்டியில் அடைத்த தேதியைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிக்கொள்வதற்கு விதி ஒன்றும் இல்லை. மடத்துக்குச் சமீபத்தில் உள்ள விடுதியில் இந்தப் பிரச்சினையை அவர்கள் வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்: ஓர்வால் வேண்டும் என்று கேட்டால், இளசா, முதிர்ந்ததா என்று பரிமாறுகிறவர் கேட்கிறார்.